ஏழு திங்களில் திறந்த கதவு

(மன்றச் செயலாளர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மன்றம் அமைப்பது எளிது. அமைத்த மன்றத்தை மாற்றி அமைப்பது அரிது. புதிய விதி ஒன்றைப் புகுத்தப் புறப்பட்டால், நேற்றுவரை இல்லாதது இன்று எதற்கு என்ற கேள்வி எழும். கேட்பவர் பகைவரல்லர், பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் நம் உறுப்பினர்! அவரை விலக்குவதா? வெல்வதா? விடை காண உங்களை இலண்டன் மாநகருக்கு அழைக்கிறேன்.

1787-ல் பிறந்தது எம்.சி.சி. எனப்படும் மேரிலிபோன் கிரிக்கெட் சங்கம். லார்ட்ஸ் மைதானம் அதன் உடைமை. கிரிக்கெட் ஆட்டத்தின் சட்டங்கள் அதன் பொறுப்பில். உலகுக்கே ஆட்டத்தின் நீதியை வகுத்துரைத்த அந்தச் சங்கம், தன் இல்லத்தில் பெண்ணுக்கு உறுப்பினர் உரிமை தர மறுத்தது! ஓராண்டா, ஈராண்டா? 200 ஆண்டுகளுக்கு மேல்! நாட்டின் அரசியே அன்று அதன் புரவலர். நாட்டின் மகளிர்க்கோ நுழைவாயில் அடைப்பு!

1991-ல் ஒரு பெண்மணி அந்தக் கதவைத் தட்டினார். ரேச்சல் ஹேஹோ பிளிண்ட் என்பது அவர் பெயர். 1973-ல் முதல் மகளிர் உலகக் கோப்பையை இங்கிலாந்துக்கு வென்று தந்த அணித்தலைவி. ஆடவர்க்கு அத்தகைய கோப்பை பிறந்ததே 1975-ல்தான்! 1976-ல் அதே லார்ட்ஸ் மைதானத்தில் தம் அணியை நடத்திச் சென்றவர். ஆடலாம், அமரலாகாது! மைதானம் ஏற்றது, மாளிகை மறுத்தது! உறுப்பினர் வாக்கில் அவர் கோரிக்கை வீழ்ந்தது.

அடுத்த காட்சி, 1998 பிப்ரவரி. இம்முறை சங்கத்தின் தலைவர் காலின் இங்கிள்பி மெக்கன்சியே மாற்றத்தின் பக்கம் நின்றார். ஆதரவு 6,969, எதிர்ப்பு 5,538. பெரும்பான்மை கிடைத்தது, வெற்றி கிடைக்கவில்லை! விதியைத் திருத்த மூன்றில் இரு பங்கு வேண்டும். வந்ததோ 56 விழுக்காடு.

தோழர்களே! இந்த இடத்தில்தான் தலைமைக்குத் தேர்வு. பெரும்பான்மை நம்மிடம் இருக்க விதி எதற்கு என்று வெகுண்டு எழுந்திருக்கலாம். விதி வென்றது, விட்டது தொல்லை என்று உறங்கியும் இருக்கலாம். இரண்டும் நிகழவில்லை. அதே கேள்வியை, அதே விதியின்கீழ், அதே உறுப்பினரிடம் மீண்டும் எடுத்துச் சென்றனர். ஏழு திங்கள் கழிந்தது. செப்டம்பர் 28-ஆம் நாள் முடிவு வெளிவந்தது. ஆதரவு 9,394, எதிர்ப்பு 4,072. ஏறத்தாழ 70 விழுக்காடு!

கணக்கைக் கவனியுங்கள். கூடுதலாகப் பதிவான வாக்குகள் 959. கூடிய ஆதரவோ 2,425! எதிர்ப்பில் குறைந்தது 1,466. புதிதாக ஆள் திரட்டியதால் மட்டும் வந்த வெற்றியன்று. மறுத்தவர் தொகை கரைந்ததால் வந்த வெற்றி!

மறுப்பவர் நெஞ்சில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் வெறுப்பன்று, அச்சம்! என் இருக்கை பறிபோகுமோ, என் பழக்கம் பாழாகுமோ, என்னைக் கேளாமலே என் மன்றம் வேறாகிவிடுமோ என்ற அச்சம். அச்சத்தை ஏளனம் செய்தால் அது பகையாகும். அமர்ந்து பேசினால் அது ஐயமாகும். ஐயம் விளக்கத்தால் அகலும். ஆகவே செயலாளர்களே, அறிக்கையை ஒட்டிவிட்டு அகன்று விடாதீர்கள். என்ன மாறும், என்ன மாறாது, ஏன் மாற வேண்டும் என்ற மூன்றையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஆனால் பொறுமை என்பது தள்ளிப்போடுவதற்கு இட்ட தங்கப் பெயராகிவிடக் கூடாது! வாயிலில் காத்து நிற்பவருக்கு ஒவ்வொரு நாளும் ஓர் அவமதிப்பு. வாக்கு வென்றதோடு வேலை முடிவதுமில்லை. 1999-ல் பத்துப் பெண்மணிகள் சிறப்பு வாழ்நாள் உறுப்பினராயினர். ஹேஹோ பிளிண்ட் அவர்களுள் ஒருவர். தலைவர் நாற்காலியில் ஒரு பெண், கிளேர் கானர், அமர்ந்தது 2021-ல்! கதவு திறந்து, நாற்காலி கிடைக்க இருபதாண்டுகளுக்கு மேல்!

விதி தாளில் மாறுவது ஒரு நாளில். மன்றம் மனத்தில் மாறுவது பல நாளில். அந்தப் பல நாளும் உழைப்பவனே செயலாளன். தோற்ற மறுநாள் மறுத்தவர் வீட்டுக்கு நடந்து செல்லுங்கள். வென்ற மறுநாளும் அதே வீட்டுக்குச் செல்லுங்கள்!