சமாதிக் கல்லும் சாட்சி சொல்லும்

(கேமரன் மலை தேயிலைத் தோட்டக் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மலையில் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கியவர் ஜே.ஏ.ரஸல். அவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. காட்டை வெட்டி, சரிவில் தேயிலை நட்ட உங்கள் தாத்தா பெயர் எங்கே இருக்கிறது? உங்கள் வாயில்தான் இருக்கிறது. உங்களுக்குப் பிறகு?

மனிதன் தனியாக நினைவு வைத்துக்கொள்வதில்லை, தன் கூட்டத்தோடு சேர்ந்துதான் வைத்துக்கொள்கிறான் என்று மோரிஸ் ஆல்வாக்ஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1925லேயே எழுதினார். நம் லயத்து வாசலில் நடந்ததும் அதுதானே! யாருக்கு யார் என்ன முறை, எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பதெல்லாம் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் பேசிப் பேசியே நமக்கு வந்து சேர்ந்தன. இன்று பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். கொழுந்து பறிக்க வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வந்திருக்கிறார்கள். அவர்களும் நம் தாத்தாவைப் போலப் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் நம் கதையைச் சொல்ல அவர்களால் முடியாது. லயம் கலைந்தால் நினைவும் கலைந்துபோகும்.

இதை வெறும் பழங்கதை என்று நினைக்காதீர்கள். இது உரிமைப் பிரச்சினை!

நம் அரசியல் சட்டப்படி, 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயாவில் பிறந்தவர் பொதுவாகப் பிறப்பாலேயே குடிமக்கள். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. பெற்றோரின் நிலையையும் பார்க்கிறார்கள். ஆக, பாட்டி பிறந்த தேதியில் பேரனின் நீல ஐ.சி. தொங்கிக்கொண்டிருக்கலாம்.

தேதி கேட்டால் பாட்டி என்ன சொல்வார்? "ஜப்பான்காரன் போன மறுவருசம், திருவிழாவுக்கு முந்தின வாரம்" என்பார். அது பொய்யில்லை. அது தோட்டத்துக் காலண்டர். அதைப் பதிவிலாகாவுக்குப் புரியும் கணக்காக மாற்றுங்கள். சயாம் மரண ரயில் போட்டது 1942-43. ஜப்பான்காரன் சரணடைந்தது 1945. அவசரகாலம் 1948 முதல் 1960 வரை. வேலை பெர்மிட் கெடுபிடியில் ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறியது 1969-70. பாட்டி சொல்வதை இந்த ஆண்டுகளோடு பொருத்திப் பாருங்கள்.

இறந்துபோனவர் சொன்ன சொல் கோர்ட்டில் பொதுவாக எடுபடாது. ஆனால் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 32ஆவது பிரிவு சில விதிவிலக்குகளைத் தருகிறது. இரத்த உறவு, திருமணம், தத்து பற்றி, விவரம் அறிந்தவர் தகராறு கிளம்புவதற்கு முன்பே சொல்லியிருந்தால் அதை ஏற்கலாம். இறந்துபோனவர்களுக்கு இடையிலான உறவைக் காட்டக் குடும்ப வம்சாவளி, சமாதிக் கல், குடும்பப் படம் ஆகியவற்றில் எழுதியிருப்பதும் சாட்சியமாகலாம். இவை மட்டுமே வழக்கை வென்று தராது. ஆனால் கையில் ஒன்றுமில்லாமல் போய் நிற்பவனுக்கு இது பெரிய பலம்.

"தகராறு கிளம்புவதற்கு முன்பே" என்ற வார்த்தைகளை மனதில் வையுங்கள். பிரச்சினை வந்த பிறகு எழுதினால் காலம் கடந்துவிடும்.

எனவே ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்குங்கள். ஒவ்வொருவரின் பெயர், பிறந்த தோட்டம், டிவிஷன், தாய் தகப்பன் பெயர் எழுதுங்கள். சொன்னவர் யார், என்று சொன்னார் என்பதையும் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். முடிந்தால் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் பிரமாணப் பத்திரமாகவும் செய்துகொள்ளுங்கள். பழைய படங்களின் பின்னால் யார் யார் என்று குறியுங்கள். இடுகாட்டுக் கற்களைப் படம் எடுங்கள். பள்ளிச் சான்றிதழ், ஆஸ்பத்திரி அட்டை, சம்பளச் சீட்டு எதையும் வீசிவிடாதீர்கள்!

அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவு பாட்டி தூங்குவதற்கு முன்பே முதல் பக்கத்தைத் தொடங்குங்கள்.