குளிரூட்டும் வாயு எங்கே போயிற்று?



மண்பானை நீர் கோடையில் குளிர்ந்திருப்பதன் காரணத்தை வகுப்பில் படித்திருப்பீர்கள். நுண்துளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. மோட்டார்க் காரைக் குளிரூட்டும் கருவியும் இவ்விதிக்கு உட்பட்டதே. ஆனால் வேற்றுமை ஒன்று உண்டு. பானையில் ஆவியான நீர் காற்றோடு போய்விடும். நாம் மீண்டும் ஊற்றவேண்டும். காரிலோ, ஆவியான வாயுவைக் கம்ப்ரெஸர் இழுத்து அழுத்தி, முன்புறத்துக் கண்டென்ஸருக்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றுக்கு ஈந்து, மறுபடியும் திரவமாகிறது. சுற்றிச் சுற்றி வருவது ஒரே பொருள்தான். பெட்ரோலைப் போல் அது செலவாவதில்லை.

ஆகவே, “கேஸ் தீர்ந்துவிட்டது” என்று யாரேனும் சொன்னால், எங்கே போயிற்று என்று வினவுங்கள். பல ஆண்டுகளில் சிறிதளவு குறைவது இயல்பே. ஆண்டுதோறும் தீர்வது இயல்பன்று. என் மகனுடைய காருக்கு மூன்று கோடைகளில் மூன்று முறை நிரப்பினார்கள். கசிவை ஒருவரும் தேடவில்லை. பின்னர் வந்த தொழிலாளி ஒருவர், குழாய் இணைப்பொன்றில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருப்பதைக் காட்டினார். கம்ப்ரெஸரின் உராய்வைத் தணிக்கும் எண்ணெய் வாயுவோடு கலந்தே ஓடுகிறது. அது வெளிப்பட்ட இடமே கசிவு. சிறியதொரு ரப்பர் வளையத்தை மாற்றியதோடு தொல்லை நீங்கிற்று. அவருக்குப் பள்ளிப் படிப்பு மிகுதியாக இல்லை, பார்வை இருந்தது.

நிரப்புவதற்கும் முறை உண்டு. எஞ்சிய வாயுவைக் கருவியால் மீட்டு, கசிவை அடைத்து, வெற்றிடப் பம்பினால் காற்றையும் ஈரத்தையும் அகற்றவேண்டும். ஈரம் தங்கினால் நுண்வாயிலில் பனிக்கட்டியாய் அடைக்கும். அமிலம் உண்டாகி உலோகத்தையும் அரிக்கும். பிறகு, என்ஜின் மூடியின் கீழ் ஒட்டிய சீட்டில் கண்ட கிராம் அளவை நிறுத்தே நிரப்பவேண்டும். சிறு கார்களுக்கு அரைக் கிலோ அளவே போதும். மிகுதியாக நிரப்பினாலும் குளிர்ச்சி கெடும் என்றால் பலர் நம்புவதில்லை.

பழைய கார்களில் இருந்த ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைச் சிதைத்தமையால், 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் வழியே விலக்கப்பட்டது. பின்வந்த ஆர்-134ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆயினும் அதில் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில், ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்கு ஈடாகப் புவியை வெப்பமாக்கும். கசிவை அடைக்காமல் நிரப்புவோர் இதனைத்தான் வானில் விடுகின்றனர்.

குளிர்ச்சி குறைந்தால் முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். கண்டென்ஸர் தகடுகளில் படிந்த தூசியை மெல்ல நீர் தெளித்துக் கழுவுங்கள். மழைக்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் கருவியை இயக்குங்கள். எண்ணெய் ஓடாவிட்டால் கம்ப்ரெஸர் அச்சைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பு உலர்ந்து, அடுத்த கசிவு அங்கேயே தொடங்கும்.