நோட்டு எழுதுற கை



"நான் நோட்டு எழுதுறவ, கடன், முதலீட்டுப் பேச்சு எனக்கெதுக்கு"ன்னு ஒதுங்குறவங்க எல்லாக் குழுவிலும் உண்டு.

அருந்ததி பட்டாச்சார்யாவைப் பாருங்க. ஆங்கில இலக்கியம் படித்தவர். 1977-ல் பாரத ஸ்டேட் வங்கியில் சேர்ந்தார். பல பொறுப்புகளுக்குப் பின் ஊழியர் நிர்வாகத்தைக் கவனித்தார். அடுத்து, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, எஸ்.பி.ஐ. கேப்பிட்டல் மார்க்கெட்ஸுக்குத் தலைமை ஏற்றார். பங்கு, கடன் பத்திரம் மூலமா கம்பெனிகளுக்கு முதல் திரட்டித் தரும் நிறுவனம் அது. 2013 அக்டோபரில் ஸ்டேட் வங்கிக்கே முதல் பெண் தலைவரானார்.

யார் ஒழுங்கா கட்டுறாங்க, எந்தத் தொழில்ல பணம் திரும்புதுன்னு நோட்டு எழுதுறவங்களுக்குத்தான் தெரியும். குழுவைத் தரம் பார்க்க வரும் வங்கி அதிகாரியும் அந்த நோட்டைத்தான் கேட்கிறார். அடுத்த தடவை கடன் கேட்டுப் போகும்போது அந்தச் சகோதரியையும் கூட்டிப்போய்ப் பேச வையுங்க.