வள்ளுவர் காட்டிய தாய் கேட்டாள்!

('பிள்ளைகளின் படிப்பைப் பெற்றோர் பெருமையாகப் பேசுவது பிள்ளைகளுக்கு ஊக்கமா? சுமையா?' என்ற பட்டிமன்றத்தில் 'சுமையே' என்ற அணியில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னாலே பேசிய அம்மையார் ஒரு பழமொழியோடு தொடங்கினார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்றார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு சந்தேகம் நடுவர் அவர்களே. எந்தக் காக்கையாவது பக்கத்துக் கிளைக்குப் பறந்து போய், "என் குஞ்சு தொண்ணூற்றெட்டு, உன் குஞ்சு எத்தனை?" என்று கேட்டதுண்டா? (சிரிப்பு) காக்கை தன் குஞ்சைத் தனக்குள்ளே பொன் என்று நினைத்துக்கொள்கிறது. நாமதான் அதை அடகுக்கடைக்குக் கொண்டுபோய் உரசிப் பார்க்கிறோம்! (கைதட்டல்)

போன மாதம் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி வந்தது. காப்பிக்குப் பின்னாலேயே பையன் வந்தான். யூ.கே.ஜி. படிக்கிறான். "அங்கிளுக்கு நாடு, தலைநகரம் எல்லாம் சொல்லுப்பா" என்றார் நண்பர். பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பிரான்ஸ் பாரிஸ், ஜப்பான் டோக்கியோ, எகிப்து கெய்ரோ என்று மூச்சு விடாமல் போகிறான். காப்பி ஆறுது, குடிக்க முடியலை. தேசிய கீதம் பாடும்போது குடிக்கிற மாதிரி இருக்கு! (சிரிப்பு) முடிந்ததும் பக்கத்திலே கூப்பிட்டு, "தம்பி, உங்க தாத்தா பேரு என்ன?"ன்னு கேட்டேன். பையன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அப்பாவைப் பார்த்தார். பையன் சொன்னான்: "அது சிலபஸ்லே இல்லை அங்கிள்!" (பலத்த சிரிப்பு)

நாம சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை ஒப்பிக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை ஐயா. அவன் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவிலே ஒரு ஊர் மறந்துபோச்சு. அப்பா முகம் சுருங்கிச்சு. பிள்ளை முகத்திலே ரத்தமே இல்லை. ஐந்து வயதிலே அவன் எழுதாத ஒரு பாடத்தைப் படித்துவிட்டான். அப்பாவுடைய மரியாதை என் வாயிலே இருக்கிறது என்ற பாடம் அது.

இது நேராகப் பேசுகிற பெருமை. குறை சொல்கிற மாதிரியே பேசுகிற பெருமை ஒன்று இருக்கிறது. கல்யாணப் பந்தியிலே கேட்கலாம். "என் பொண்ணை நெனச்சா ஒரே கவலையா இருக்கு அக்கா. ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் புத்தகத்தை மூட மாட்டேங்கிறா. போதும்டி, படுடின்னு கெஞ்சறேன்!" இது கவலையா? (சிரிப்பு) பக்கத்து இலை அம்மாவுக்கு அதற்குமேல் பாயசம் இறங்காது. வீட்டுக்குப் போனதும் அந்தப் பாயசம் அவர் மகன் முதுகிலே இறங்கும்! (சிரிப்பு, கைதட்டல்) பந்திக்கே வராத பையன், யாரோ பேசிய பெருமைக்கு அடி வாங்குகிறான்.

ஒரு காலத்திலே மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ இரண்டுக்கும் அந்த அறிவிப்பைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. கோட்டையிலே நிறுத்தியாச்சு, நம்ம வீட்டிலே நிறுத்தினோமா? வாட்ஸ்அப் குழுவிலே ரேங்க் பட்டியல் வந்துகொண்டுதான் இருக்கிறது!

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டிலே போய்க் கேளுங்கள். "பெரியவன் ஐ.ஐ.டி. சார்." சின்னவன்? "அவன்... இருக்கான் சார்." இருக்கான்! உள்ளறையிலே அந்தச் சின்னவன் அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறான் ஐயா. 1907-இல் கும்பகோணத்திலே கோமளத்தம்மாளிடம் போய், "உங்க பையன் எப்படி?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கல்லூரி உதவித்தொகை முன்பே போய்விட்டது. எப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. பந்தியிலே பேச ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைதான் 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரான சீனிவாச ராமானுஜன்! (கைதட்டல்) எல்லாரும் ராமானுஜன் ஆக வேண்டியதில்லை. ஆகாவிட்டாலும், பெற்ற பிள்ளையை 'இருக்கான்' என்று ஒரே சொல்லிலே முடிக்கலாமா?

எதிரணித் தலைவர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். மக்கட்பேறு அதிகாரம், 69-ஆவது குறள். தன் மகனைச் சான்றோன் என்று கேள்விப்பட்ட தாய், அவனைப் பெற்ற நேரத்தைவிட அதிகமாக மகிழ்கிறாள். "பார்த்தீர்களா, வள்ளுவரே அனுமதி கொடுத்துவிட்டார்" என்றார். ஐயா, தமிழ் வாத்தியாரிடமே குறளா? (சிரிப்பு) அந்தத் தாய் அங்கே என்ன செய்கிறாள்? கேட்கிறாள்! ஊர் சொல்லுகிறது, தாய் கேட்கிறாள். தாய் சொல்லி ஊர் கேட்கவில்லை! (பலத்த கைதட்டல்) என்னவென்று கேட்கிறாள்? சான்றோன் என்று. குணத்தால் நிறைந்தவன் என்று. மதிப்பெண் அந்தக் குறளிலே எங்கே வந்தது?

இவ்வளவு பேசுகிற நீ யோக்கியனா என்று கேட்பீர்கள். இல்லை ஐயா. 2016-ஆம் ஆண்டு. பிளஸ் டூவுக்கு 1200 மதிப்பெண் இருந்த காலம். என் மகள் 1150-க்குக் குறைய மாட்டாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். முடிவு வந்த அன்றைக்குப் பள்ளிக்கூடம் போனவள் மத்தியானம் ஆகியும் வீடு திரும்பவில்லை. பதறிப்போய்த் தேடினேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்திலே உட்கார்ந்திருக்கிறாள். எங்க தெருப்பக்கம் போற பஸ் அவள் முன்னாலேயே வந்து நிக்குது. அவள் ஏறலை. நான் பார்க்க ஒரு பஸ் போச்சு. அதுக்கு முன்னாலே எத்தனை போச்சோ!

மதிப்பெண் 1068. "ஏம்மா, நல்ல மார்க்தானே? இதுக்கா அழறே?" என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "மார்க்குக்கு அழலைப்பா. நீங்க எதிர்வீட்டு மாமா முகத்துல எப்படிப்பா முழிப்பீங்க?"

(அரங்கில் அமைதி)

எத்தனையோ மேடையிலே எதிரணிக்குப் பதில் சொன்னவன் நான். அன்றைக்கு அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்கு என்னிடம் பதில் இல்லை. கடன் வாங்கினது என் வாய். வட்டி கட்டினது அவள் கண்ணீர். 1068 எடுத்த பிள்ளை அன்றைக்குச் சிரித்திருக்க வேண்டும் ஐயா. அந்தச் சிரிப்பைத் தின்றவன் நான். அடுத்த பஸ்ஸிலே இரண்டு பேரும் ஏறினோம். எதிர்வீட்டுக்காரரிடம் நானே போய் மதிப்பெண்ணைச் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அப்படியா? சந்தோஷம் சார்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார்! (சிரிப்பு) அவ்வளவுதான் ஊர்! இதற்காகவா என் பெண் அத்தனை பஸ்ஸை விட்டாள்?

நடுவர் மணியைத் தொடுகிறார், முடித்துவிடுகிறேன். பெருமைப்படுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பெருமையைப் பிள்ளையிடம் சொல்லுங்கள், அது ஊக்கம். பிள்ளையை வைத்து ஊரிடம் சொன்னால், அது சுமை. அந்தச் சுமையை இறக்கிவைக்கிற தீர்ப்பாக நடுவர் அவர்கள் வழங்க வேண்டும்.

என் மகள் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்க உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். சொல்ல மாட்டேன்! (பலத்த சிரிப்பு) உங்களிலே யாராவது வந்து சொல்லுங்கள். நான் கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)