உச்சநேர மின்சாரமும் எரிவாயு நிலையங்களும்



2024 மே 1 முதல் ஜூன் 30 வரை எரிவாயு மின் நிலையங்கள் அனைத்தும் இயங்க வேண்டும் என்று, மின்சாரச் சட்டத்தின் 11-வது பிரிவின்கீழ் ஒன்றிய அரசு உத்தரவிட்டது. அந்த மே 30 அன்று நாட்டின் மின் தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. ஆண்டில் பெரும்பகுதி முடங்கிக் கிடக்கும் நிலையங்கள், கோடைக்கு மட்டும் எழுப்பப்பட்டன.

அவை முடங்கியது ஏன்? கிருஷ்ணா-கோதாவரி படுகையின் டி-6 வயல் 2009-இல் உற்பத்தியைத் தொடங்கியது. அந்த எரிவாயுவை நம்பி, வங்கிக் கடனில் நிலையங்கள் எழும்பின. உற்பத்தி சரிந்தது, 2013-இல் மின்துறைக்கு வந்த பங்கும் நின்றது. 14,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட திறன் உள்நாட்டு எரிவாயு இன்றித் தவித்தது. மிச்சமிருப்பது இறக்குமதி எரிவாயு. அதன் விலையை உலகச் சந்தை தீர்மானிக்கிறது.

உச்சநேர நிலையத்தின் சிறப்பு அதன் வேகம். அழுத்தப்பட்ட காற்றில் எரிவாயு எரிகிறது. வெப்ப வாயு டர்பைனைச் சுழற்றுகிறது. பத்து முதல் முப்பது நிமிடங்களில் முழுத் திறனை எட்டலாம். குளிர்ந்து கிடக்கும் அனல்மின் நிலையத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஆனால் 500 பாகை செல்சியசைத் தாண்டிய கழிவு வாயு அப்படியே புகைபோக்கி வழியே போய்விடுகிறது. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ 35 முதல் 40 விழுக்காடே மின்சாரமாகிறது. அந்தக் கழிவு வெப்பத்தால் நீராவி உண்டாக்கி இன்னொரு டர்பைனை ஓட்டினால், இது 55 விழுக்காட்டைத் தாண்டும். இந்தியாவில் உள்ளவை பெரும்பாலும் இந்தக் கூட்டுச் சுழற்சி நிலையங்களே. இரவு பகலாக ஓடுவதற்கென அமைக்கப்பட்டவற்றை நாள்தோறும் நிறுத்தி எழுப்பினால், திறன் குறைகிறது, இயந்திரமும் தேய்கிறது.

புகையில் சாம்பல் இல்லை. கந்தகமும் ஏறக்குறைய இல்லை. ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியிடும்போது, ஒற்றைச் சுழற்சி எரிவாயு நிலையம் 500 முதல் 600 கிராம் வெளியிடுகிறது. இந்த நன்மையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் எரிப்பான்கள் உயர் சுமையில்தான் சரிவர வேலை செய்கின்றன. இயந்திரம் எழும் நிமிடங்களில் அந்த ஆக்சைடுகளும் கார்பன் மோனாக்சைடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுகின்றன. குறைந்த நேரமே ஓடுவதால் ஆண்டுக் கணக்கில் இது சிறிய எண்ணாகத் தெரியும். அருகில் வாழ்பவர் சுவாசிப்பதோ அந்த மணி நேரத்தின் காற்றை. மீத்தேன் கசிவோ நிலையத்தின் கணக்கிலேயே வராது. கிணறு முதல் குழாய் வரை கசியும் அந்த வாயு, 20 ஆண்டுக் காலத்தில் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது.

செலவை யார் ஏற்பது? ஓடாத நாளுக்கும் நிலைக் கட்டணம் உண்டு என்பதை மகாராஷ்டிர மின்வாரியம் தாபோலில் கற்றது. என்ரானின் முதல் கட்டம் 1999-இல் 740 மெகாவாட்டுடன், நாப்தாவில் ஓடத் தொடங்கியது. வாரியத்துக்கு அதன் மின்சாரம் எப்போதும் தேவைப்படவில்லை. ஒப்பந்தமோ தேவையைப் பார்க்கவில்லை. 2001-இல் நிலையம் நின்றது.

மாற்று வழி ஏற்கெனவே நாட்டில் இயங்குகிறது. மேற்கு வங்க அரசின் புருலியா நீரேற்று நிலையம் 900 மெகாவாட் திறன் கொண்டது. மின்சாரம் உபரியாக உள்ளபோது நீரை மேலேற்றி, தேவை உச்சமடையும்போது கீழே விடுகிறது. மேலேற்றச் செலவான மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு திரும்பக் கிடைப்பதில்லை. நீரை ஏற்றுவது நிலக்கரி மின்சாரம் என்றால் புகை வேறிடத்தில் எழும். நண்பகல் சூரிய மின்சாரம் என்றால் எழாது.