அதிகச் சம்பளம் அழைக்கும்போது

(தோட்ட மண்டபம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, வெட்டுக்காட்டில் மரம் வெட்டி, பாலைச் சேகரித்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, சற்றே உடம்பைச் சாய்க்க வேண்டிய நேரத்தில் இம்மண்டபத்திற்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பேச விரும்புகிறோம்.

பழகிப்போன வேலையை விட்டுவிட்டுக் கூடுதல் சம்பளம் தரும் வேறு வேலைக்குப் போகலாமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். இது புதிய கேள்வியன்று. 1970-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பினாங்கு பாயான் லெப்பாஸிலும் சிலாங்கூர் சுங்கை வேயிலும் தொழிற்சாலைகள் எழும்பிய நாள் முதலாக, லயத்து வாசல்தோறும் இக்கேள்வி கேட்கப்பட்டே வந்திருக்கிறது. போனவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. இருவரிலும் நன்றாக வாழ்ந்தவர்களைக் கண்டிருக்கிறோம், நொந்துகொண்டவர்களையும் கண்டிருக்கிறோம்.

அண்மையில் நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே பதினெட்டு ஆண்டுகளாகப் பால்மரம் வெட்டும் ஒருவர் நம்மைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்றார். ஷா ஆலாமில் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனர் முதல் நாள் தொலைபேசியில் பேசினாராம். "மச்சான், மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி. திங்கட்கிழமையே வந்துவிடுங்கள்" என்றாராம். இவருக்குத் தோட்டத்தில் சாதாரண மாதத்தில் ஏறத்தாழ 1,800 வெள்ளி கிடைக்கிறது.

"எழுநூறு வெள்ளி கூடுதல், ஐயா! எழுநூறு!" என்று விரல்களை விரித்துக் காட்டினார் அவர். அவருடைய மனைவி அடுப்பங்கரையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். கோப்பையை நம் முன் வைத்துவிட்டு, மெல்ல ஒன்று கேட்டார்: "அத்தையை எங்கே வைப்பது?"

அந்த அம்மையாரின் மாமியாருக்கு எழுபத்தாறு வயது. வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த உலகம் அந்த லயமும், மாரியம்மன் கோயிலும், பின்னால் உள்ள கீரைப் பாத்தியுந்தான்.

அன்று அந்தத் திண்ணையிலேயே அமர்ந்து மூவரும் கணக்குப் போட்டோம். உங்களில் பலருக்கும் அது பயன்படலாம் என்பதால் அதையே இங்கு விரித்துச் சொல்கிறோம்.

முதலில் மைத்துனருக்குத் திரும்பவும் தொலைபேசி செய்து, "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்கச் சொன்னோம். அவருக்கே அது சரியாகத் தெரியவில்லை. மாலையில் விசாரித்துச் சொன்னார். அடிப்படை 1,800 வெள்ளி. எஞ்சிய 700 வெள்ளி மிகைநேர வேலையால், அதாவது ஓவர்டைமால் வருவது. சாதாரண நாளின் மிகைநேர வேலைக்குச் சட்டப்படி ஒன்றரை மடங்கு கூலி. 1,800 வெள்ளியை 26 நாளால் வகுத்து, அதை எட்டு மணியால் வகுத்து, ஒன்றரையால் பெருக்கினால் ஒரு மணிக்குப் பதின்மூன்று வெள்ளிக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. ஆக 700 வெள்ளி ஈட்ட மாதம் 54 மணி நேரம் கூடுதலாக உழைக்க வேண்டும். எட்டு மணி வேலை முடிந்த பிறகு நாள்தோறும் இன்னும் இரண்டு மணி. தொழிற்சாலைக்கு ஆர்டர் குறைந்துவிட்டால் அந்த இரண்டு மணியும் இல்லை, 700 வெள்ளியும் இல்லை.

இதில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. ஓவர்டைம் பணத்திற்கு ஊழியர் சேமநிதி பிடிக்கப்படுவதில்லை. முதலாளியும் அதற்குத் தம் பங்கைச் செலுத்த வேண்டியதில்லை. ஆகவே இந்த நண்பர் ஷா ஆலாம் சென்று 2,500 வெள்ளி வாங்கினாலும், அவருடைய முதுமைக்காகச் சேரும் தொகை தோட்டத்தில் சேர்ந்ததைவிட ஒரு காசும் கூடாது. அதே 2,500 வெள்ளி அடிப்படைச் சம்பளமாகவே இருந்தால் நிலைமை வேறு. கூடுதலான 700 வெள்ளிக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடு 77 வெள்ளி, முதலாளியின் 13 விழுக்காடு 91 வெள்ளி, ஆக மாதம் 168 வெள்ளி கூடுதலாகக் கணக்கில் ஏறும். இரண்டு வேலையும் வெளியே சொல்லும்போது ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அடுத்தது வீடு. தோட்டத்து வீட்டிற்கு நாம் வாடகை கொடுப்பதில்லை. கொடுக்காத பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நகரில் அறை ஒன்று 500 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும், எழுநூறில் மிஞ்சுவது இருநூறு. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல், தண்ணீர், மின்சாரம், கடைச் சாப்பாடு எல்லாம் அந்த இருநூறுக்குள் அடங்க வேண்டும். இங்கே பாத்தியில் பறிக்கும் கீரையையும், மரத்தில் வெட்டும் வாழைக்குலையையும், வேலியோரம் மேயும் ஆட்டையும் நாம் வருமானமாக எண்ணுவதில்லை. நகரில் அவை ஒவ்வொன்றிற்கும் விலை உண்டு.

கணக்கு இவ்வளவு தெளிவாயிருக்கத் தோட்டத்திலேயே இருந்துவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். பொறுங்கள். தோட்டத்து வாழ்க்கை சுகம் என்று நகரத்து மேசைமுன் அமர்ந்து சொல்வது எளிது. இருள் பிரியுமுன் மரப்பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். அதனாலன்றோ நாம் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கொசுக்கடியில் நிற்கிறோம்! மழை பெய்தால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் சுருங்கிவிடும். நாற்பது வயதைத் தாண்டியவரின் தோளையும் முழங்காலையும் கேட்டால் இவ்வேலையின் சுகத்தைச் சொல்லும். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மை. ஆயினும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பத்திற்கு அது போதாது என்றால், அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மேலும், இந்த வீடு நம்முடையதன்று. வேலையுள்ளவரைதான் வீடு. இதை நாம் பட்டே அறிந்தோம். எங்கள் தந்தையாரும் பால்மரம் வெட்டியவர்தாம். எழுபதுகளில் அவருக்கு இருமுறை தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்தது. "இந்த நிரையில் எந்த மரம் எவ்வளவு பால் கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே போய் நான் என்ன தெரிந்தவன்?" என்று மறுத்துவிட்டார். தொண்ணூறுகளில் அந்தத் தோட்டம் கைமாறியது, மரங்கள் வெட்டப்பட்டன, வீடுகளைக் காலி செய்யும்படி அறிக்கை வந்தது. அப்போது அவருக்கு வயது 52. அந்த வயதில் எந்தத் தொழிற்சாலை சேர்த்துக்கொள்ளும்? ஒரு கட்டடத்தில் இரவுக் காவலாளியாகச் சேர்ந்தார். எங்கள் அன்னையார் அதன்பிறகு மல்லிகைச் செடி வைக்கவேயில்லை. வைக்க இடமிருக்கவில்லை.

தந்தையார் செய்தது பிழையென்று இன்றும் நாம் சொல்லத் துணியமாட்டோம். முப்பது வயதில் வந்த அழைப்பிற்கும் ஐம்பதில் வரும் அழைப்பிற்கும் வேறுபாடு உண்டு என்பதை மட்டும் அவரிடம் கற்றுக்கொண்டோம்.

ஆனால் அவருக்கு ஒரு நன்மையும் கிடைத்தது. தோட்டம் மூடப்பட்டு ஆட்குறைப்புச் செய்யப்பட்டதால், 1980-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பணிநீக்க உதவித்தொகை பெற்றார். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு, ஓராண்டுச் சேவைக்கு 20 நாள் கூலி. இருபது ஆண்டு உழைத்தவருக்கு 400 நாள் கூலி ஆகிறது. தாமாகவே வேலையை விட்டவருக்கு இத்தொகை கிடையாது. உங்கள் தோட்டம் விற்கப்படப் போவதாகப் பேச்சு அடிபட்டால், அவசரப்பட்டு விலகல் கடிதம் எழுதுமுன் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ கேளுங்கள். ஒரு மாதம் முந்திப் போனதால் பல ஆயிரம் வெள்ளியை இழந்தவர்களும் உண்டு. அதே வேளையில், புதிய உரிமையாளர் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் உங்களை வேலையில் தொடரச் சொன்னால், நீங்கள் மறுத்துவிட்டு இத்தொகையைக் கேட்க இயலாது.

சேவைக் காலம் என்பது வேறு வகையிலும் செல்வமாகும். ஐந்தாண்டு கடந்தவருக்கு ஆண்டுக்கு 16 நாள் சம்பள விடுப்பும் 22 நாள் மருத்துவ விடுப்பும் சட்டம் தருகிறது. புதிய இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்: 8 நாள், 14 நாள். வயதான தாயை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியவருக்கு இது சிறிய செய்தியன்று.

"திங்கட்கிழமையே வந்துவிடுங்கள்" என்றாரே மைத்துனர், அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவர் எட்டு வார முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் போனால் அக்காலத்திற்குரிய கூலியை அவரே செலுத்த நேரும்.

ஊழியர் சேமநிதியைப் பற்றிச் சிலர் வீணாக அஞ்சுகிறார்கள். வேலை மாறினால் பழைய பணம் போய்விடாது. 1951-இல் தொடங்கப்பட்ட அந்த நிதியில் உங்கள் உறுப்பினர் எண் ஒன்றே; எங்கு சென்றாலும் கணக்கு உங்களைத் தொடரும். அஞ்ச வேண்டியது வேறொன்று. "பிடித்தம் எதுவும் இல்லை, கைநிறையச் சம்பளம்" என்று ஆசைகாட்டும் வேலைகள் இருக்கின்றன. உணவுக்கடைகளிலும் லாரிகளிலும் இத்தகைய பேச்சு மிகுதி. 1,800 வெள்ளிக்கு முதலாளி சேமநிதியில் போடும் 234 வெள்ளியைச் சேர்த்தால் உங்கள் உண்மையான ஊதியம் 2,034 வெள்ளி. பிடித்தமில்லாத 2,100 வெள்ளி வேலை அதைவிட 66 வெள்ளிதான் கூடுதல். அந்த 66 வெள்ளிக்காகச் சொக்சோ பாதுகாப்பையும் இழக்கிறீர்கள். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்கும் சொக்சோ கைகொடுக்கிறது. மோட்டார் சைக்கிளில் செல்லும் நம் இளைஞர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊழியர்களுக்குச் சேமநிதியும் சொக்சோவும் கட்டாமலிருப்பது முதலாளியின் சலுகையன்று, சட்ட மீறல்.

ஜொகூரிலிருந்து வந்திருக்கும் நண்பர்கள் சிங்கப்பூரைப் பற்றிக் கேட்டார்கள். 1973-ஆம் ஆண்டுவரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாகச் செல்லுபடியாயின. இப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு நம் வெள்ளி மூன்றுக்கும் மேல். ஆசை எழுவது இயற்கையே. ஆனால் அங்கே நிரந்தரவாசி அல்லாத நம்மவர்க்கு அந்நாட்டு மத்திய சேமநிதி இல்லை. இங்கே சேமநிதி தொடர வேண்டுமானால் தாமே செலுத்த வேண்டும். பாலத்து நெரிசலுக்கு அஞ்சி விடியற்காலை நான்கு மணிக்கே வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். பால்மரம் வெட்டுகிறவர் எழும் அதே நேரம்!

நம் கருத்தைக் கேட்டால், ஒரு சொல் சொல்வோம். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் உரிமை. வெறும் ஓவர்டைமுக்காக ஊர் மாறுவதில் பெரிய பயன் இல்லை. கைத்தொழில் ஒன்று கற்றுக்கொண்டு அதற்காக மாறுவது வேறு. வெல்டிங், மின்கம்பி வேலை, இயந்திரம் பழுதுபார்த்தல் ஆகியவற்றைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்றவருக்கு அடிப்படைச் சம்பளமே உயரும். ஒரு தொழிற்சாலை மூடினாலும் கைத்தொழில் அவரோடு வரும். ஒருவர் முன்னே சென்று ஆறு மாதம் பார்த்துவிட்டுக் குடும்பத்தை அழைப்பதும் நல்ல வழி. கணவன், மனைவி இருவருமே தோட்டத்தில் வேலை செய்தால், ஒருவர் விலகினாலும் வீடு நிற்குமா என்பதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தையும் அந்தத் திண்ணையில் பேசி முடித்தபோது இருட்டிவிட்டது. நண்பர் நெடுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் நான் இங்கேயே கிடக்க வேண்டியதுதானா, ஐயா?" என்றார். அந்தக் குரலில் சற்றுக் கோபமும் இருந்தது. அதற்கு நம்மிடம் உடனே விடையில்லை. மனைவியார்தாம் சொன்னார்: "அடிப்படைச் சம்பளத்தை எழுத்தில் தரச் சொல்லி என் தம்பியிடம் கேளுங்கள். கூட்டித் தருவதென்றால், நீங்கள் மட்டும் முதலில் போய்ப் பாருங்கள். நான் வெளிக்காட்டு வேலையில் இருக்கிறேனே. அத்தையும் நானும் இங்கே இருக்கிறோம்."

சென்ற வாரம் அவருடன் தொலைபேசியில் பேசினோம். தொழிற்சாலையிலிருந்து கடிதம் இன்னும் வரவில்லையாம். மூத்த மகன் தொழிற்பயிற்சி நிலையத்திற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறானாம். தாம் மறுநாள் வெட்டுக்கு உளி தீட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

இனி நீங்கள் கேளுங்கள். தொழிலாளர் இலாகா அதிகாரியும் இங்கே வந்திருக்கிறார். சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வரலாம்.