நின்று கேட்போம்



விமானப் பயணம் என்றதும், வானத்தில் பறக்கும்போது என்ன ஆகுமோ என்றுதான் நாம் அஞ்சுகிறோம். விமானம் தரையில் மெதுவாக ஊர்ந்து போகும் நேரத்தைப் பற்றி நாம் கவலைப்படுவதே இல்லை. ஆனால் அடர்ந்த மூடுபனி இறங்கிய காலையில் அந்தச் சில நிமிடங்களும் ஆபத்தானவை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவருக்கு விமானம் தெரியாது. விமானிக்கோ சற்றுத் தொலைவுக்கு அப்பால் பாதை தெரியாது. தரையைக் காட்டும் ராடாரும் இல்லையென்றால், இருவரையும் இணைப்பது வானொலியில் கேட்கும் குரல் ஒன்றுதான்.

2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலான் நகரிலுள்ள லினாத்தே விமான நிலையத்தில் இதுதான் நடந்தது. பனியில் 200 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. தரை ராடார் இயங்கவில்லை. கோப்பன்ஹேகன் செல்லும் பெரிய விமானம் ஒன்று புறப்படக் காத்திருந்தது. அதே வேளையில் நான்கு பேருடன் ஒரு சிறிய ஜெட் விமானமும் கிளம்பியது. அதற்குச் சொல்லப்பட்ட பாதை ஆர் 5. விமானியும் ஆர் 5 என்றே திருப்பிச் சொன்னார். ஆனால் விமானம் திரும்பியதோ, ஓடுபாதையைக் குறுக்கே கடக்கும் ஆர் 6 பாதையில். அங்கே பாதை அடையாளங்கள் தெளிவாக இல்லை.

போகும் வழியில் அந்த விமானி, தாம் எஸ் 4 என்ற குறியை நெருங்குவதாகச் சொன்னார். எந்த இடம் என்று உறுதிப்படுத்தும்படி கோபுரத்திலிருந்து கேட்டார்கள். மறுபடியும் எஸ் 4 என்றே பதில் வந்தது. அவர் சொன்னது உண்மை. அந்தக் குறி ஆர் 6 பாதையில்தான் இருந்தது. ஆனால் கோபுரத்தில் இருந்தவருக்கு அப்படியொரு குறி இருப்பதே தெரியாது. அவருடைய வரைபடத்திலும் அது இல்லை. முதலில் நிற்கச் சொன்னார். சிறிது நேரத்தில், தொடர்ந்து போகலாம் என்று அனுமதித்தார். சிறிய விமானம், எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு வரிசையையும் தாண்டி ஓடுபாதைக்குள் நுழைந்தது. எதிரே பெரிய விமானம் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. இரு விமானங்களிலும் இருந்த 114 பேரும், பயணப் பெட்டிகள் பிரிக்கும் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த நால்வரும் இறந்தார்கள்.

அதற்கு 24 ஆண்டுகளுக்கு முன், 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனரீஃப் தீவிலும் இப்படித்தான். ஓடுபாதையை மேகம் மூடியிருக்க, ஒரு ஜம்போ விமானம் அதில் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. மறுமுனையிலிருந்து இன்னொன்று புறப்பட்டுவிட்டது. "அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ?" என்ற பொருள்பட, புறப்பட்ட விமானத்தின் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொல்லிவிட்டார். 583 உயிர்கள் போயின.

அன்பர்களே, இந்த இரண்டு இடங்களிலும் பனி மட்டும் கொல்லவில்லை. இரண்டிலும் எச்சரிக்கும் ஒரு சொல் எழுந்தது. அது காதில் விழுந்தது. ஆனாலும் கேட்டவர், தம் மனத்தில் ஏற்கெனவே இருந்த படத்தையே நம்பினார். அந்த விபத்துகளிலிருந்து விமான உலகம் பாடம் கற்றது. தலைமை விமானியிடம் துணை விமானி துணிந்து சந்தேகத்தைச் சொல்லவும், அவர் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் இன்று பயிற்சி தருகிறார்கள். இருக்கும் இடம் உறுதியாகத் தெரியவில்லையென்றால் விமானத்தை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டுக் கோபுரத்திடம் சொல்ல வேண்டும்.

நம் வீடுகளிலும் மூடுபனி இறங்குவதுண்டு. விடுதியிலிருந்து மகன் தொலைபேசியில், "அம்மா, இங்கே தூக்கமே வரல" என்கிறான். "செல்போனைக் கொஞ்சம் குறைச்சுக்கோ, சரியாப் போகும்" என்கிறோம். "உடம்பு என்னவோ போல இருக்குங்க" என்று மனைவி சொன்னால், "வயசாகுதுல்ல" என்று செய்தித்தாளைத் திருப்புகிறோம். "ஒண்ணுமில்லப்பா, நீ வேலையப் பாரு" என்று முதிய தந்தை சொல்லும்போது, அதையும் அப்படியே நம்பிவிடுகிறோம். அவர்கள் தங்கள் எஸ் 4-ஐச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம் வரைபடத்தில் அது இல்லை. "சரி, சரி" என்று அனுப்பிவிடுகிறோம்.

எரிகோவை விட்டுப் புறப்பட்ட இயேசுவின் செயலை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். வழியோரம் இருந்த பார்வையற்ற பர்த்திமேயு கூவி அழைத்தபோது, கூட்டம் அவரை அதட்டி அடக்கப் பார்த்தது. இயேசுவோ நின்றார். அவரை அழைத்துவரச் சொன்னார். பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்று யாருக்குத்தான் தெரியாது? இருந்தும் ஆண்டவர் தாமாக முடிவு செய்துகொள்ளாமல், என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டார்.

வழி தெரியாமல் திகைத்து நிற்பது நாமாகவும் இருக்கலாம். கடனோ, குடியோ, மனச்சுமையோ, எதுவானாலும், தெரிந்தவர்போல் காட்டிக்கொண்டு முன்னே போக வேண்டாம். நின்றுவிடுவோம். நம்பத்தக்க ஒருவரிடம், ஒப்புரவு அருளடையாளத்தில் ஆண்டவரிடம், நாம் இருக்கும் இடத்தைச் சொல்வோம்.

மிலானில் அந்த விமான நிலையத்துக்கு அருகிலுள்ள பூங்காவில், இறந்தவர்களின் நினைவாக 118 பீச் மரங்களை நட்டு வளர்க்கிறார்கள். ஓர் ஆளுக்கு ஒரு மரம். அவர்கள் அனைவரின் ஆன்மா இளைப்பாற்றிக்காகவும் இன்று செபிப்போம். இந்த வாரம் நம் வீட்டில் யாராவது நமக்குப் புரியாத ஒன்றைச் சொன்னால், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, "நீ சொன்னது எனக்குச் சரியாப் புரியல, இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்போம். நின்று கேட்ட ஆண்டவர் நம்மோடு இருப்பாராக. ஆமென்.